ஸ்டெப்னி சிம்முக்கும் பசிக்கும்

படகில் நெட் ஓடும்வரை என்னை யாருக்கும் தெரியாது. நின்ற மறுநிமிடம் போர்ட் பிளேர் முழுக்க என் நம்பர் தெரியும்.

தீவுகளுக்கு நடுவே ஓடும் படகுகளில் ஒரு டப்பா மாட்டுவேன். உள்ளே இரண்டு கம்பெனிகளின் இரண்டு சிம். ஒன்று படுத்தால் மற்றது எழும். அந்த இரண்டாவதற்குப் படகுத்துறையில், அதாவது எங்கள் ஜெட்டியில், ‘ஸ்டெப்னி’ என்று பெயர். இதை நான் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. டப்பாக்களைக் கழற்றிக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். இருட்டிய பிறகுதான் படகுகள் சும்மா நிற்கும் என்பதால் எனக்கு ராத்திரியில்தான் பொழுது விடியும். பகலில் குட்வில் எஸ்டேட் வீட்டில் படுத்தாலும் தூக்கம் வராது. போனில் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டத்தை வெறித்தபடி உட்கார்ந்திருக்கும் என் ஜாதிக்காரர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

சராங்கின் மூக்கு

லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பே துறைக்குப் போய்வரும் படகை ஓட்டும் சராங்கு காசிம் பாய். அங்கே யாருக்காவது நோய் முற்றிவிட்டால் போர்ட் பிளேருக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் அவர் படகுதான். வழியில் டாக்டருக்கு நோயாளியின் முகத்தைக் காட்ட என் டப்பாவை விட்டால் வேறு வழியில்லை. நடுக்கடலில் எந்த சிம்மும் பேசாது, கரை நெருங்கினால்தான் பேசும். முதல் பயணத்தில் நான் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் போனைத் தொடாமலே “இப்போ வரும் பாரு” என்றார். போர்ட் பிளேருக்கு முன்னால் வரும் ரட்லண்ட் மலை நீலமாகத் தெரிந்தது. டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது.

எந்தக் கம்பெனி எந்த முனையில் பிடிக்கும், மழை நாளில் எவ்வளவு தள்ளிப் பிடிக்கும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். எப்படி பாய் என்று கேட்டேன். “இருபது வருஷமா பீவிகிட்ட போன்ல திட்டு வாங்குறேன். எந்த இடத்துல மணி அடிக்கும்னு எனக்குத் தெரியாதா?”

பண்டாரியின் வெள்ளிக்கிழமை

கப்பல் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள். அந்தப் படகின் பண்டாரி முத்தையா. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் குடியேறிய குடும்பம். மனைவி இன்னமும் அங்கேதான். ஒருநாள் டப்பாவின் பதிவைப் பார்த்தால், வெள்ளிதோறும் கால்மணி நேரம் ஸ்டெப்னி ஓடியிருக்கிறது. பொத்தானை அமுக்கி அதற்கு மாற்றிவிட்டு முத்தையா மனைவியோடு வீடியோவில் பேசியிருக்கிறார். ஆபத்துக்கு வைத்திருப்பதை இப்படியா என்று கத்தினேன். பொத்தான் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன்.

அவர் மீன்குழம்பு ஊற்றிய தட்டை என் பக்கம் தள்ளினார். “சாப்பிடுங்க அண்ணே. வீட்டுல பேச ஆளில்லாதவங்களுக்குக் கோவம் கொஞ்சம் கூடத்தான் வரும்.”

காற்றில்லாத ஸ்டெப்னி

நாலைந்து மாதம் கழித்து ஹேவ்லாக் படகில் முதல் சிம் படுத்தது. ஸ்டெப்னி எழவே இல்லை. டப்பாவில் பழுதில்லை, சிம்மிலும் கீறலில்லை. மாதக்கணக்காக ரீசார்ஜும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் கிடந்ததால் கம்பெனி நம்பரையே மூடிவிட்டது. டப்பாவுக்குள் இருக்கிறது, ஆகவே உயிரோடு இருக்கிறது என்று இத்தனை நாள் நம்பியிருக்கிறேன். போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் வளர்ந்தவர் அந்தப் படகின் மேட், சராங்குக்கு அடுத்த ஆள்; தமிழில் பாதி ஹிந்தியைக் கலந்து சிரித்தார். “அரே நெட்வாலா, ஸ்டெப்னியிலயே ஹவா இல்லன்னா காடி எப்படிய்யா ஓடும்?”

டேப்புக்குக் கீழே

எனக்குச் சட்டென்று ஹட் பே படகு நினைவுக்கு வந்தது. அந்த ஸ்டெப்னியை யாரும் தொடக்கூடாது என்று டேப் ஒட்டியவனே நான்தானே. மறுநாளே புது சிம் ஒன்றை வாங்கிக்கொண்டு அந்தப் படகில் ஏறினேன். ஹட் பே போய்ச் சேர்ந்தும் புது சிம்மைக் கம்பெனி திறந்துவிடாததால் டப்பாவில் பழைய ஸ்டெப்னியே கிடந்தது. திரும்பும்போது ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண்ணை ஏற்றினார்கள். எட்டு மாதக் கர்ப்பிணி, வலிப்பு வந்து அடங்கியிருந்தது. டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் அடுத்த ஊசி என்றார் கூட வந்த நர்ஸ். கணவன் மனைவியின் கையைப் பிடித்தபடி என் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரட்லண்ட் மலை வந்தது. முதல் சிம் எழவில்லை. கரையில் அந்தக் கம்பெனியின் டவர் படுத்திருந்தது. டப்பா ஸ்டெப்னிக்கு மாறியது. காசிம் பாய் எதுவும் கேட்காமல் படகைக் கரைப்பக்கமாக ஒதுக்கினார். செத்த நம்பருக்காக ஒரு சராங்கு வழியை மாற்றுகிறாரே என்று நான் கூசி நின்றேன். பச்சை விளக்கு எரிந்தது. நர்ஸின் போனில் டாக்டரின் முகம் உடையாமல் வந்தது. பார்த்தார், சொன்னார், ஊசி போட்டார்கள். ஜெட்டியில் ஆம்புலன்ஸ் கதவைத் திறந்துகொண்டு நின்றது. தாயும் பெண்பிள்ளையும் நலம் என்று மூன்றாம் நாள் நர்ஸிடமிருந்து செய்தி வந்தது.

படகு காலியானதும் டப்பாவைப் பார்த்தேன். டேப்பின் ஒரு ஓரம் பசை போய், மஞ்சள் கறையோடு மடிந்திருந்தது. முத்தையா வெள்ளிதோறும் உரித்து, பேசிவிட்டு, திரும்ப ஒட்டியிருக்கிறார். ரீசார்ஜும் அவரே போட்டிருக்கிறார். மிச்சமிருந்த டேப்பை நானே முழுக்க உரித்தெடுத்தேன். முத்தையா அரிசி களைந்துகொண்டே சொன்னார்: “சும்மா கெடக்குறதுக்கும் பசிக்கும் அண்ணே. வாரத்துக்கு ஒருக்கா நாலு வார்த்தை போட்டாத்தான் உசுரோட கெடக்கும்.”

இப்போது வெள்ளிதோறும் ஒவ்வொரு படகின் ஸ்டெப்னிக்கும் நானே பேசிப் பேசிச் சோறு போடுகிறேன்; பேச வேறு ஆளில்லாததால் எல்லா அழைப்பும் முத்தையாவுக்கே போகிறது, அவரும் ஒவ்வொரு முறையும் புதிதாய்க் கேட்பதுபோல “சாப்டாச்சா அண்ணே” என்கிறார்.