நூத்துக்கு அக்கா

இடுக்கியால் ஒரு வெண்டை விதையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "நீ தேறமாட்டே, கண்ணு" என்று ஓரமாக ஒதுக்குகிறாள். அடுத்ததில் வெள்ளை வேர் நூலாக எட்டிப் பார்க்கிறது. "சமத்து!" ஈரத்தாளில் வரிசைக்குப் பத்தாக நூறு விதை. எத்தனை முளைத்தது என்று எண்ணி எழுதுவதுதான் அவள் வேலை. விதைப் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டையும் கடைக்குப் போகாது.

வேலை வாயிலும் ஒட்டிக்கொண்டது. மழை வருமா என்றால், "நூத்துக்கு அறுபது." பக்கத்து மேசைக்காரியின் மகளுக்கு அந்த வரன் அமையுமா என்றால், "நூத்துக்கு முப்பது. பையனோட அம்மா சிரிச்சதே சரியில்லை." நிலையத்தில் எல்லோருக்கும் அவள் 'நூத்துக்கு அக்கா'. அந்தப் பெயரில் அவளுக்கு ரகசியமாகப் பெருமை. குடையை மட்டும் போன இடத்திலெல்லாம் மறந்து வைப்பாள். "தொலைஞ்ச குடையில திரும்பி வந்தது நூத்துக்கு எத்தனை அக்கா?" என்று யாராவது கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

கல்யாணம் செய்துகொள்ளாதவள். அண்ணன் வீட்டு மாடியறையில் வாசம். அண்ணியும் அவளும் தினம் ஒரு சண்டையாவது போட்டாகவேண்டும்; இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது. அந்த அண்ணிக்குத்தான் மார்பகப் புற்றுநோய் வந்தது. வலப்பக்க மார்பை எடுத்தாகிவிட்டது. அக்குளுக்குப் பரவவில்லை. ஹார்மோனைத் தின்று வளரும் ரகம் என்றார் டாக்டர். இனிமேல் கீமோ வேண்டுமா, தினம் ஒரு மாத்திரையே போதுமா? அதைத் தெரிந்துகொள்ள, எடுத்த கட்டியில் ஒரு துண்டை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்.

"மிச்சம் மீதி வைக்காதீங்க டாக்டர், எல்லாத்தையும் போட்டுருங்க" என்று அண்ணன் கும்பிட்டான். கீமோ என்ற சொல் விழும்போதெல்லாம் அண்ணியின் கை பின்னலைத் தேடிப் போயிற்று.

அறிக்கை போனில் வந்து சேர்ந்தபோது டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதுவரை பொறுக்க யாரால் முடியும்? நூத்துக்கு அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். முதல் பக்கத்தில் பூஜ்யத்தில் தொடங்கி நூற்றில் முடியும் ஒரு கோடு; பதினாறில் ஒரு அம்புக்குறி. பார்த்துப் பழகிய கணக்குதானே! ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்: "திரும்ப வர்றதுக்கு வாய்ப்பு, நூத்துக்குப் பதினாறு."

"ஆறு பேர்ல ஒருத்தியா?" என்றாள் அண்ணி. "அப்போ கீமோவே போடட்டும்." எழுந்து உள்ளே போனவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அந்த வீட்டில் சண்டை நடக்கவில்லை.

மறுநாள் நிலையத்தில் மதிய இடைவேளையில், நூத்துக்கு அக்கா அறிக்கையை வரிவரியாக மறுபடி படித்தாள். இரண்டாம் பக்கத்தில்தான் விளக்கம் இருந்தது. பதினாறு வெறும் மார்க்! அந்தக் கட்டியின் மரபணுக்கள் எவ்வளவு துடியானவை என்பதற்குப் போட்ட மார்க். சதவீதம் தனியாக ஒரு கட்டத்தில் இருந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டால், ஒன்பது வருடத்துக்குள் உடம்பில் வேறு இடத்தில் தலைகாட்ட நூற்றுக்கு நான்கு. அண்ணியின் வயதில் கீமோ கூடுதலாகத் தரும் பலன், நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. முளைப்பு எண் ஏறவேண்டும் என்றே காலமெல்லாம் ஏங்கிய கண்கள், ஒரு சின்ன எண்ணைப் பார்த்துக் கலங்கின. கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது. தப்பை ஒப்புக்கொள்வதே கஷ்டம். அதை இந்த அண்ணியிடமா போய் ஒப்புக்கொள்ளவேண்டும்!

அரைநாள் லீவு போட்டு ஓடிவந்தாள். "அண்ணி, நான் தப்பாப் படிச்சுட்டேன்."

"என்னது? இரு, உங்கண்ணனையும் கூப்பிடறேன். இதை அவரும் காதால கேக்கணும்."

"கிண்டலெல்லாம் அப்புறம். பதினாறு இல்லை, நாலு. நூத்துக்கு நாலு!" செல்போனை நீட்டிக் கட்டத்தைக் காட்டினாள்.

அண்ணி போனை வாங்கி அந்தக் கட்டத்தை விரலால் பெரிதாக்கினாள். "என் மகளுக்கு வருமான்னு இதுல போட்டிருக்கா?"

"இது வெட்டி எடுத்த கட்டியோட குணத்தை மட்டும் பாக்கற டெஸ்ட். குடும்பத்துல வருமான்னு பாக்கறது வேற. அதையும் டாக்டர்கிட்ட கேட்டுடுவோம்."

டாக்டரும் கீமோ வேண்டாம் என்றார். அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. "ஒரு காவலுக்காவது போட்டுடலாமே, டாக்டர்?"

"அது காவல் இல்லைண்ணா, அடி" என்று குறுக்கே விழுந்தாள் தங்கை. "பிரயோஜனமில்லாத அடியை எதுக்கு அண்ணி வாங்கணும்?"

டாக்டர் சிரித்துக்கொண்டே ஐந்து வருடத்துக்கு மாத்திரை எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கட்டிலில் உட்கார்ந்து முதல் மாத்திரையைப் பிரித்தாள். வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. "எல்லாம் சரி, நாத்தனாரே. அந்த நாலு பேர்ல நான் ஒருத்தியா இருந்தா?"

நூற்றில் எந்த நான்கு என்று முன்கூட்டியே எந்தத் தாளும் சொல்லாது. நூத்துக்கு அக்காவைவிட அது யாருக்குத் தெரியும்? எண்ணை விட்டுவிட்டு, தண்ணீர் டம்ளரை அண்ணியின் கையில் கொடுத்தாள். மாத்திரை தொண்டைக்குள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வலப்பக்கத்துத் தையலில் இடித்துவிடாமல் கட்டிலைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து உட்கார்ந்து, அண்ணியின் தோளில் மெல்லத் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.