குண்டசாலைக் கரையில் நான் சொன்ன பொய்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பர் விடுமுறையில் நடந்தது இது. கொழும்பில் இருக்கும் என் ராத்தாவும் (எங்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அவளுடைய கணவரான மச்சானும், எட்டு வயது மகளோடு, கண்டிக்குப் பக்கத்தில் மடவளையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வந்த நாளிலிருந்து ஒரே மழை. உடுப்பு எதுவும் காயவில்லை, துவாய் எல்லாம் ஒரு மாதிரி வாடை. மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்ததில் மச்சானுக்கு எரிச்சல் தலைக்கேறி, "கண்டியில அப்படி என்னதான் ஈக்கி? ஒரு குளமும் குளிரும்தானே" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைக்க மாட்டேன். அடுத்த நாள் மழை தூறலாகக் குறைந்ததும், சோறும் கோழிக்கறியும் பார்சல் கட்டிக்கொண்டு, மச்சானின் காரில் எல்லோரையும் ஏற்றிக் கிளம்பிவிட்டேன். என் கணவர் கடையைத் திறக்க வேண்டும் என்று நின்றுகொண்டார்.

முதலில் கண்டி அரண்மனை. குடையைப் பிடித்துக்கொண்டு தூண்களையும் மண்டபத்தையும் காட்டி, வகுப்பில் சொல்வதுபோல் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன். மச்சான் கொட்டாவி விட்டார். பிள்ளை பாவம், கார்ட்டூனில் பார்த்த அரண்மனையை மனதில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். "சாச்சி, கோபுரம் எங்க?" என்று சின்னம்மாவான என்னிடம் நாலு தடவை கேட்டாள்.

"இவ்ளோதானா அரமன? எங்கட தெரு ஹாஜியார்ர வீடு இதவிடப் பெருசு" என்றார் மச்சான். ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இதோடு வீட்டுக்குத் திரும்பியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. என் ரோசம் விடவில்லை. குண்டசாலையில் கங்கைக் கரையிலேயே (இங்கே பெரிய ஆற்றைக் கங்கை என்றுதான் சொல்வோம்) ஒரு அரசன் மாளிகை கட்டி வாழ்ந்தான், அதைப் பார்த்தால் தெரியும் என்று காரைத் திகன ரோட்டில் திருப்பச் சொன்னேன்.

நான் அங்கே போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்த மாளிகை பழைய காலத்துச் சண்டையில் அழிந்து, பாசி படிந்த சில கற்கள்தான் மிச்சம் என்பது தெரிந்தும், ஏதோ பெரிதாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன் போலும். கற்களைப் பார்த்த மச்சான் உதட்டைப் பிதுக்கினார். திரும்பிப் போய்க் காருக்குள் உட்கார்ந்து போனில் பேசத் தொடங்கினார். பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். ராத்தா மேலே மரத்தடியில் பாயை விரித்துப் பார்சல்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கரையிலிருந்து பத்து எட்டுத் தூரத்தில் தட்டையான ஒரு பாறை இருந்தது. இடையில் கணுக்கால் அளவுத் தண்ணீர். "அந்தா தெரியுதே, அதுதான் ராணிமார் குளிக்க இறங்கின படி" என்றேன். அந்த இடத்தில் முழுக்க முழுக்க நானாகக் கட்டிய கதை அது. பிள்ளையின் கண் விரிந்தது. "போய் உக்காரு மகள், சாச்சி போட்டோ எடுக்கிறன்" என்றேன். குதித்துக் குதித்துப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சற்றுத் தள்ளி, மார்பில் குளிக்கும் துணி கட்டிய ஒரு சிங்களப் பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் வாயகன்ற ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசின் நிறைய உடுப்பு. நான் போனை உயர்த்தியதும் அவர் எழுந்து நின்று கத்தினார். "ஏய், ஏறு மேலே! இங்க நிக்காதே! போ!" என்று சிங்களத்தில். கையை வீசி வீசி விரட்டுகிற மாதிரி இருந்தது.

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவர் சொன்னது ஒரு சொல் விடாமல் விளங்கியது. ஆனால் அதே ரோட்டில் சில வருடங்களுக்கு முன் எங்கள் முஸ்லிம் ஆட்களுடைய கடைகள் கலவரத்தில் எரிந்த நாட்களை நான் பார்த்தவள். அதற்குப் பிறகு அபாயா போட்டுக்கொண்டு எங்கே போனாலும், ஒருவர் கையை வீசினால் எனக்கு ஒரே அர்த்தம்தான். காரணம் கேட்கவே தோன்றவில்லை. "கங்கை எல்லாருக்கும் பொதுதானே" என்று சிங்களத்தில் வெடுக்கென்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றேன். நன்றாகக் கொடுத்தேன் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி வேறு. அவர் மறுபடியும் கத்தினார். "பிள்ளையை எடு" என்பதும் காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை.

இரண்டு படம் எடுத்திருப்பேன். மூன்றாவது படத்தில் தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. மேலே எங்கோ பெய்த மழை, சருகும் சுள்ளியும் நுரையுமாகச் செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. போனை இறக்கி என் காலைப் பார்த்தேன். நான் நின்ற கல்லே நனைந்துவிட்டது. பிள்ளைக்கும் எனக்கும் இடையில் கணுக்கால் அளவு இருந்தது தொடை அளவாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்பளவாகிவிட்டது.

"சாச்சி!" என்று அவள் அழுதாள். எனக்கு நீந்தத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இறங்கியிருப்பேனா என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கால் இரண்டும் கல்லில் ஒட்டிப்போயின. வாயிலிருந்து "யா அல்லாஹ்" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

அந்தப் பெண் பேசினிலிருந்து நாலு ஈரப் படுக்கை விரிப்புகளை இழுத்து மளமளவென்று ஒன்றோடொன்று முடிந்து, ஒரு நுனியைக் கரையில் நின்ற மர வேரில் சுற்றி என் கையில் திணித்தார். "பிடி. செத்தாலும் விடாதே" என்றார். மறு நுனியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டு இறங்கினார். ஆறு அவரைச் சாய்த்துச் சாய்த்து இழுத்தது. எப்படியோ பாறையை எட்டிப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டார். திரும்பி வரும்போது ஒரு மரக்கட்டை வந்து அவருடைய வலது தோளில் மோதியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் ஒரு முறை முழுதாக மூழ்கி எழுந்தார். பிள்ளையை மட்டும் விடவில்லை.

கரையில் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு அவர் குந்தியிருந்தார். பேசினும் அதிலிருந்த உடுப்பும் ஆற்றோடு போய்விட்டன.

சத்தம் கேட்டு ராத்தாவும் மச்சானும் ஓடி வந்தார்கள். ஊர் ஆண்கள் நாலைந்து பேரும் வந்துவிட்டார்கள். ராத்தா பிள்ளையைப் பறித்துக் கட்டிக்கொண்டு கதறினாள். மச்சானின் முகம் வெளுத்திருந்தது. "உனக்கு அறிவில்லயா? தண்ணி வாற எண்டு ஒத்தரும் செல்லல்லயா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

அந்த ஒரு நொடியை நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது.

"இல்ல மச்சான்," என்றேன். "ஒத்தரும் ஒண்ணும் செல்லல்ல."

ஊர் ஆண்களில் மூத்தவர் சிங்களத்தில் அதையே கேட்டார். அவருக்கும் அதையே சிங்களத்தில் சொன்னேன். அவர் உடனே அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "நீ காலையிலிருந்து இங்கதானே இருந்தாய்? வெளியூர் ஆட்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மச்சான் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். அதையும் அவர் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "துணி துவைச்சிக்கிட்டு இருந்தேன். கவனிக்கல்ல" என்றார்.

எனக்காக ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. எனக்கு மச்சானிடம் அடி விழும் என்று பயந்தாரோ, என்னவோ. நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நன்றி என்ற சொல்கூட வரவில்லை. நாங்கள் அள்ளிப்பிடித்துக்கொண்டு காரில் ஏறினோம். வழியில் மச்சான் ராத்தாவிடம், "அந்தப் பொம்புள பாத்துக்கொண்டே இருந்தீக்கிறா, பாரு" என்றார். நான் கண்ணாடிக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவர்கள் கொழும்புக்குப் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். பள்ளிக்கூடம், பரீட்சைத் தாள், மழை, காய்ச்சல் என்று ஏதாவது ஒரு சாட்டு கிடைத்துவிடும். உண்மையில் அந்த முகத்தைப் பார்க்கப் பயம். இப்படியே நாலு மாதம் ஓடியது. கடைசியில் ஒரு சனிக்கிழமை, ராத்தாவுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் "போய் அவவக் கண்டு செல்லிட்டு வா" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கே பஸ் ஏறினேன்.

ஆற்றுக்கு இறங்கும் முடக்கில் ஒரு தேநீர்க் கடை. உள்ளே நின்ற பெண்ணிடம், கங்கையில் துணி துவைப்பாரே, தோளில் அடிபட்டதே என்று அடையாளம் சொல்லி விசாரித்தேன்.

"ஆ, அவளா?" என்றார் கடைக்காரப் பெண். "ஒரு பிள்ளை வெள்ளத்துல மாட்டும்வரைக்கும் வாய் திறக்காம பாத்துக்கிட்டு இருந்தாளே, அவள்தானே?"

அவர் மேலும் சொல்லிக்கொண்டே போனார். நாலு வீட்டுத் துணி துவைத்துத்தான் அந்தப் பெண்ணின் சீவியம் ஓடியதாம். அன்றைக்கு ஆற்றோடு போனதும் அந்த வீடுகளின் உடுப்புத்தான். தோளும் சரியாகவில்லை. அந்தக் கதை பரவிய பிறகு ஆட்களும் அவரோடு முன்போல் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. போன மாதம் தூரத்தில் கட்டிக்கொடுத்த மகளிடம் போய்விட்டார். எந்த ஊர் என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை.

நான் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிள்ளையின் சாச்சி நான்தான், அவர் இரண்டு தரம் கத்தினார், எனக்கு விளங்கியது, நான்தான் கேட்கவில்லை, பிறகு எல்லோர் முன்னாலும் பொய் சொன்னேன் என்றேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரப் பெண் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்ல மனுசி. பிள்ளையைக் காப்பாத்தினாள் எண்டு அவளுக்காக இப்படிப் பேசுறீங்க" என்றார். "ஆனா அவளே சொன்னாளே, கவனிக்கல்ல எண்டு."

இன்னும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அவர்களுக்கு என் மேல்தான் மதிப்புக் கூடிக்கொண்டே போனது. உட்காரச் சொல்லி இஞ்சித் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்கள். அதைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் இரண்டு முறை போய் விசாரித்தேன். அவர் ஊருக்குத் திரும்பவில்லை என்றார்கள். பிள்ளைக்கு இப்போது பதினொரு வயது. நல்ல சுகமாக இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். அவள் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம், அவளைத் தூக்கி வந்த பெண்ணை அவருடைய சொந்த ஊரே என் பேச்சை நம்பித்தான் இன்னும் பழித்துக்கொண்டிருக்கிறது என்பது நினைவுக்கு வந்து, எனக்கு அந்தச் சந்தோஷம் ஒரு நாளும் முழுதாகக் கிடைப்பதில்லை.