கருவமுள் செருகிய வயர்

நெட் வயரின் முனையில் மாட்டும் அந்தக் கண்ணாடிப் பிளாஸ்டிக் தலையை உண்டாக்கியவன் எவனோ, அவன் கையில் கிடைத்தால் என்ன செய்வதென்று காளீஸ்வரன் பல வருசமாக யோசித்து வைத்திருந்தான். அதன் மேலே லாக் என்று நாக்கு மாதிரி ஒன்று. பல்லி வாலாவது ஒடிந்தால் முளைக்கும். இது ஒடிந்தால் போனதுதான். பூனை உரசினாலும் வயர் நெட் பெட்டியிலிருந்து நழுவும், நெட் நிற்கும். கமுதிப் பக்கத்து ஊர்களுக்கு லைன் பார்க்கும் அவனுக்குத்தான் ஏச்சு.

அதிகம் ஒடித்தவள் முருகேஸ்வரி. கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவள். புருசன் செத்த பிறகு அந்தப் புகையிலேயே மகன் வீரமணியை ஆளாக்கிச் சவுதிக்கு அனுப்பினாள். வீட்டுக்குள் செல்போன் சிக்னல் எட்டாது. மகன் முகம் பார்க்க இந்த வயர்தான். ஆனால் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அதைப் பிடுங்கிப் போட்டுவிடுவாள். நெருப்போடு கிடந்தவள், ஆளில்லாத வீட்டில் எதுவும் எரிந்துகொண்டு கிடக்கக் கூடாது என்பாள்.

"மதினி, இந்த வயர்ல தீப்பிடிக்கிற கரண்டு வராது. இத எதுக்குப் புடுங்குறீக?"

"வராமத்தான் பொட்டியில மினுக்குமினுக்குன்னு எரியுதாக்கும்? போங்க கொழுந்தனாரே!"

"அமுக்கிப் புடிச்சு உருவணும். கோரைப்புல்லா வெடுக்குன்னு இழுக்க?"

அரிவாள் பிடித்துக் காய்த்த விரலுக்கு அந்த நாக்கு அகப்படாது. கடைசியில் ஒடிந்த இடத்தில் ஒரு கருவமுள்ளைச் செருகிவிட்டாள். வயர் நின்றது. 'என்னமும் செய்யட்டும்' என்று காளீஸ்வரனும் விட்டுவிட்டான்.

போன ஆவணியில் அவள் நெஞ்சு கெட்டுப்போச்சென்று மதுரை ஆஸ்பத்திரியில் கைவிரித்தார்கள். மகனிடம் சொல்லவில்லை. அவன் பாஸ்போர்ட் முதலாளி கையில். லீவு கிடைக்காமல் ஓடிப்பார்த்த கூட்டாளி அங்கே ஜெயிலில் கிடந்தான். தை வந்தால் ஒப்பந்தம் முடிந்து தானாக வருவான். அதுவரை மறைக்க வேண்டும்.

சாயங்காலமானால் திருநீறு பூசிச் சுவரில் சாய்ந்து பேசுவாள். இருமல் முட்டும்போது முள்ளை உருவிவிடுவாள், பேச்சு அறுந்துபோகும். வீரமணிக்கு ஆத்திரம் காளீஸ்வரன் மேல்.

"என்ன சித்தப்பா லைன் போட்டு வச்சிருக்கீக? எங்காத்தாட்ட ஒரு வார்த்த முழுசாப் பேச முடியல!"

அவள் செய்வது தெரிந்தும் ஏச்சை வாங்கிக்கொண்டான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காளீஸ்வரன் போனபோது அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பெட்டி வரைக்கும் கை எட்டவில்லை. போன் அடித்தது. 'எடு' என்று கண்ணால் காட்டினாள். கேமராவைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"யாத்தா, ஒரே இருட்டா இருக்கு. ஒங்க மொகம் தெரியலையே?"

அவள் மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்புட்டியாய்யா?" என்றாள்.

அதற்குள் தொண்டையில் கரகரவென்று ஏறியது. காளீஸ்வரன் கையைப் பிடித்து அவன் காதைத் தன் வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள்.

"அந்த முள்ள உருவிருங்க. கேட்டான்னா, லைன்தான் சரியில்லைன்னு சொல்லுங்க."