டீச்சர் வீட்டு இரைச்சல்

அந்த இசைக்குழுவில் இருந்த எல்லோருக்கும் அவள் ஒயர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலகத்தோடு சரி. ஆள் ஒல்லி. தோளில் எப்போதும் ஒரு சுருள் ஒயர் தொங்கும். யாரோ விளையாட்டாகக் கூப்பிட ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

பகலெல்லாம் தொலைபேசி அலுவலகத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர் உலகத்துக்கு இணைப்புக் கொடுப்பாள். சாயங்காலமானால் ஏதாவது ஒரு மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால், ஆட்டம் காணும் மேசை ஒன்றில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரை வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் அண்ணன் குழுவில் டிரம்ஸ் வாசித்தான். ஒருநாள் மைக்செட்காரர் வராமல் போக, "நீ நாள் முழுக்க அடுத்தவங்க குரலத்தானே கேக்கற, இதையும் கொஞ்சம் கேளு" என்று தங்கையைக் கொண்டுவந்து நிறுத்தினான். மைக்செட்காரர் அதற்கப்புறம் வரவே இல்லை. இவளும் நகரவில்லை.

பெண்பிள்ளை அந்த இடத்தில் நிற்பதை மண்டபத்துக்காரர்களால் நம்ப முடியாது.

"சவுண்டுக்காரர் இன்னும் வரலையாம்மா?"

"வந்துட்டார். உங்ககிட்டதான் பேசிட்டிருக்கார்."

அவளுக்கு வாய்த்தது காது. ஸ்பீக்கரில் லேசாக ஒரு ரீங்காரம் கேட்டால் போதும், பூனை மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வருவாள். விளக்கா, விசிறியா, சமையற்கட்டில் ஓடும் மோட்டாரா என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் திரும்புவாள். "கரண்ட்டு முனகுது, என்னான்னு கேட்டுட்டு வரேன்" என்பது அவள் வழக்கமான பேச்சு.

குழுவில் பாடியவள் டீச்சர். நிஜமாகவே டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தாள். கச்சேரி முடிந்து திரும்பும்போது வேனின் பின் சீட்டில், ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் இருவரும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு, சிரிப்பு, மறுபடி பேச்சு. வேன் ஓட்டியவர் அவ்வப்போது கண்ணாடி வழியாகப் பார்ப்பார். பிற்பாடு அவரைத்தான் ஒயர் கல்யாணம் செய்துகொண்டாள். "இத்தன வருஷமா கண்ணாடியிலயே பாத்த மனுஷன் இன்னைக்குத்தான் திரும்பிப் பாத்திருக்கார்" என்று கல்யாணத்தன்று டீச்சர் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தாள்.

அந்த டீச்சருக்குத் தொண்டையில் ஒரு சின்னக் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை, கொஞ்ச நாள் போனால் பாடவும் செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். டீச்சர் வகுப்புக்குப் போனாள், பாடம் நடத்தினாள். பாடுவதை மட்டும் விட்டுவிட்டாள். ஒயர் பார்க்கப் போனபோது, புதிதாக வாங்கிய ஜன்னல் திரையைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினாள். பாட்டு என்ற சொல்லே அந்த வீட்டில் எழவில்லை. ஒயருக்கு அது சுருக்கென்று தைத்தது. சண்டை என்று ஒன்றும் இல்லை. ஆனால் போக்குவரத்து குறைந்து, பிறகு நின்றே போனது. குழுவும் கலைந்தது. அவரவர் வேலை, அவரவர் குடும்பம்.

வருஷங்கள் ஓடின. ஒயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கண்ணாடி போட்டு, முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கும் நிலைக்கு வந்துவிட்டாள். ஒருநாள் காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஒயர் இருக்காளா?"

கையிலிருந்த ஈரத்துணி அப்படியே நின்றது. குரல் கொஞ்சம் கனத்திருந்தது, அடியில் ஒரு கரகரப்பு. ஆனாலும் கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தெரிந்தும், "யாரு?" என்றாள்.

"ஏண்டி, உன்ன இப்படிக் கூப்பிட இன்னும் எத்தன பேரு மிச்சம்?"

டீச்சரே தொடர்ந்தாள். "வீட்டுல ஒரு ரூம்ல ரெக்கார்டிங் போட்டிருக்கேன். மைக்கு, ஸ்பீக்கர், மைக்க லேப்டாப்புல சேக்கற ஒரு சின்னப் பெட்டி, எல்லாம் பொண்ணு வெளிநாட்டுலேருந்து அனுப்பினது. போட்டா ஒரே இரைச்சல். மூணு நாலு பேரு வந்து பாத்துட்டாங்க, யாராலயும் ஆகல. நீ வருவியா?"

"வியாழக்கிழமை வரேன்" என்றாள் ஒயர். வைத்த பிறகுதான், நாளைக்கே வருகிறேன் என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது.

கணவர் காரில் கொண்டுபோய் விட்டார். கதவைத் திறந்த டீச்சருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. வாசலில் இருவரும் ஒரு நிமிஷம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

"இளைச்சுட்டடி."

"நான் எப்போ குண்டா இருந்தேன்?"

அதோடு பழைய நாள் பாதி திரும்பி வந்துவிட்டது. டீச்சரின் கணவர் கூடத்தில் மீன்தொட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து வணக்கம் சொன்னார். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு எல்லாமே மீன்தான்.

ரெக்கார்டிங் அறை முன்பு மகளின் படுக்கையறை. அலமாரியில் அவளுடைய பழைய துணிகள் அப்படியே இருந்தன. ஜன்னலுக்குக் கனத்த திரை, தரைக்குக் கம்பளம், மேசையில் லேப்டாப், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், நடுவில் தாங்கியில் மைக். ஒயர் எதையும் தொடவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "எல்லாத்தையும் போடு, பேசாம இரு" என்றாள். தலையைச் சாய்த்தாள்.

டீச்சர் சிரித்துவிட்டாள். "பூனை இன்னும் சாகல."

"உஷ்."

கேட்டது ஒரு சத்தம் இல்லை, இரண்டு. அடியில் ஆழமாக ஒரு முனகல். அதன்மேல் கண்ணாடிப் புட்டியில் அடைபட்ட குளவி மாதிரி ஒரு கிர்ர். இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தேடியதால்தான் வந்தவர்கள் திணறியிருப்பார்கள் என்று ஒயருக்குப் பட்டது. ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றது கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும்.

"கடைசியா வந்தவர் ஒரு யோசனை சொன்னார்டி. பிளக்குல இருக்கற பெரிய எர்த் பின்ன உடைச்சுட்டா இரைச்சல் போயிடுமாம்."

"போகும். கூடவே நீயும் போயிடுவ."

டீச்சர் முகம் மாறியது. இருவருக்கும் ஒரே நினைவு. ஒரு மண்டபத்தில் இவர்களுக்குத் தெரியாமல் எவனோ எர்த்தைக் கழற்றிவிட்டான். கிடார்க்காரர் ஒரு கையால் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாயை வைத்தார். பளீரென்று ஒரு பொறி. அடுத்த நொடி டிரம்ஸின்மேல் கிடந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. உதடு வெந்து, ரொம்ப நாள் சிரிக்க முடியாமல் திரிந்தார்.

"நீ ஓடிவந்து மெயினை அணைச்ச. அப்புறம் படிக்கட்டுல உக்காந்து அழுத" என்றாள் டீச்சர்.

"நீ மைக்கே இல்லாம பாடின. கூட்டம் கலையாம இருக்கணும்னு. கடைசி வரிசை வரைக்கும் கேட்டுது."

டீச்சர் குனிந்து கம்பளத்தின் ஓரத்தை நீவிவிட்டாள்.

ஒயர் வேலையில் இறங்கினாள். எல்லா இணைப்பையும் பிடுங்கினாள். லேப்டாப்பை அதன் பேட்டரியில் ஓடவிட்டு, பெட்டியையும் மைக்கையும் மட்டும் சேர்த்து, ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். முனகல் இல்லை, குளவி இருந்தது. மேசைமேல் ஒரு அழகான விளக்கு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்தது. திருகைத் திருப்பினாள். வெளிச்சம் குறையக் குறையக் குளவியின் சுருதி மாறியது. பிளக்கைப் பிடுங்கினாள். குளவி செத்தது.

"அடப்பாவி, இதை நான்தான் ஆசையா வாங்கி வச்சேன்!"

"கூடத்துல வச்சுக்கோ. மீன் பாக்கட்டும்."

இனி முனகல். ஸ்பீக்கர்களைச் சேர்த்தாள், ஒன்றுமில்லை. லேப்டாப்பின் சார்ஜரைச் செருகியதும் ம்ம்ம் என்று வந்து உட்கார்ந்தது. ஸ்பீக்கர்களுக்குக் கரண்ட் ஒரு சுவரிலிருந்தும், லேப்டாப்புக்கு எதிர்ச் சுவரிலிருந்தும் வந்தது. எர்த்தும் அப்படியே இரண்டு வழியாக வந்து, நடுவில் ஆடியோ ஒயரில் கைகோத்துக்கொண்டு ஒரு வட்டம் போட்டிருந்தது. அந்த வட்டத்துக்குள் சுற்றுகிற கரண்ட்தான் முனகுகிறது. ஸ்பீக்கரில் வருவதை மைக் திரும்பப் பிடித்துப் பதிவிலும் சேர்த்துவிடுகிறது. ஒயர் நல்லதாக ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் ஒரே சுவரிலிருந்து எடுத்தாள். கம்பளத்துக்கு அடியில் கரண்ட் ஒயரோடு ஒட்டிப் படுத்திருந்த மைக் ஒயரைப் பிரித்து வேறு பக்கமாகக் கொண்டுபோனாள். முனகல் போய்விட்டது.

"இப்போ கேளு."

டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கண்ணை மூடினாள். "இன்னும் கேக்குதுடி."

ஒயர் வாங்கிக் கேட்டாள். சுத்தம். ஆனாலும் கூடத்துக்குப் போனாள். "அண்ணா, மீன்தொட்டி மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்துவீங்களா?"

"நிறுத்தினா மீனுக்கு மூச்சு முட்டுமேம்மா!" என்றார். அப்புறம் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் நிறுத்தினார். சமையலறையிலிருந்து ஒரு கரண்டியைக் கொண்டுவந்து தண்ணீரைக் கலக்கிக்கொண்டே நின்றார்.

"இப்போ?"

"இருக்கு. மெல்லிசா."

லேப்டாப் திரையில் சத்தத்தின் அளவுகோல் அசையாமல் அடியில் படுத்திருந்தது. ஒயர் திரையைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்த்தாள். மடியில் விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. மேடையேறுவதற்கு முன்னால்கூட இவள் இப்படிச் செய்து ஒயர் பார்த்ததில்லை. வந்த மூன்று நாலு பேரும் வேலை தெரியாதவர்கள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர்களில் யாராவது சரிசெய்திருந்தாலும் இவள் 'இன்னும் கேட்கிறது' என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஒயர் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "எப்போலேருந்து இந்தச் சாமான் எல்லாம் இருக்கு?"

"போன மழைக்காலத்துலேருந்து." டீச்சர் குரல் இறங்கியது. "பொண்ணுக்கு ஆபரேஷன் சமயத்துல ரெண்டு வயசு கூட ஆகலடி. நான் பாடிக் கேட்டது அவளுக்கு ஞாபகமே இல்ல. நம்ம பாட்டு எதுவும் பதிவுல இல்லையே. இப்போ அவளுக்கு ஒரு குழந்த பொறந்திருக்கு. ஒரே ஒரு பாட்டு பாடி அனுப்பும்மாங்கறா. ஒவ்வொரு வாரமும் கேக்கறா. நானும் இரைச்சல் போகல, இரைச்சல் போகலன்னு சொல்லிட்டே இருக்கேன்."

"சரி."

"இந்த ஹெட்போன மாட்டினா என் குரல் பக்கத்துல வந்து நிக்குது. யாரோ மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்குடி."

ஒயர் எழுந்து அவள் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "மேடையில என்னைக்கு உன் குரல் உனக்குக் கேட்டுது? பக்கத்துல வைக்கிற ஸ்பீக்கர் ஒண்ணு உருப்படியா இருந்திருக்கா? என்னப் பாத்துதானே பாடின?"

அது உண்மை. டிரம்ஸ் சத்தத்தில் டீச்சருக்குத் தன் பாட்டே கேட்காது. மண்டபத்தின் கடைசியில் ஒயரின் கை மேலே போனால் கூட்டுவாள், கீழே வந்தால் குறைப்பாள், கை நெஞ்சில் நின்றால் அப்படியே போவாள்.

ஒயர் பதிவை ஓடவிட்டு, அறையின் மறு கோடிக்குப் போய்க் கதவோரம் நின்றாள். போனில் தம்புரா சுருதியை வைத்தாள். டீச்சர் தன் பழைய சுருதியையே வைக்கச் சொன்னாள். மேல் ஸ்வரத்தைத் தொட்டதும் குரல் உடைந்தது. கையை உதறினாள். "பாத்தியா?"

"பழைய கட்டையைப் பிடிச்சுத் தொங்கினா உடையாம என்ன பண்ணும்? இறக்கு." ஒயர் ஒரு கட்டை இறக்கினாள். போதவில்லை. இன்னும் ஒன்று இறக்கினாள். "இங்க குரல் உக்காரும். பாடு."

குழுவில் அவர்களே மெட்டுப் போட்ட ஒரு தாலாட்டு உண்டு. கச்சேரியின் கடைசியில், கூட்டம் எழும்போது பாடுவது. டீச்சர் அதை எடுத்தாள். முதல் வரி தடுமாறியது. ஒயரின் கை நெஞ்சில் நின்றது, அசையவில்லை. இரண்டாவது வரியில் குரல் தரையைக் கண்டுகொண்டது. முன்பு அவள் குரல் வெள்ளிக் கம்பி மாதிரி பாயும். இது அப்படி இல்லை. பழகிய மரச்சாமானைத் தொடுவது போல இருந்தது, சொரசொரப்பும் வழவழப்பும் சேர்ந்து. கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. சரணத்தில் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். கையைப் பார்க்கவே இல்லை. ஒயர் அதற்காகக் கையை இறக்கிவிடவில்லை.

முடிந்ததும் போட்டுக் காட்டினாள். பின்னணியில் ஒரு துளி முனகல்கூட இல்லை. டீச்சர் முழுவதும் கேட்டுவிட்டு, "யாருடி இது?" என்றாள்.

"நீதான். இப்போ இருக்கற நீ."

"மோசமில்ல."

"மோசமில்லையாம்! கணக்கு டீச்சர் மார்க்கு போடறதப் பாரு."

டீச்சரின் கணவர் அறை வாசற்படியில் ஈரக் கரண்டியோடு நின்றிருந்தார். "டீ போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

பாட்டை அன்றைக்கே அனுப்பினார்கள். மறுநாள் மகள் கூப்பிட்டாளாம். "குழந்தை தூங்கல, முழிச்சு முழிச்சுப் பாக்குதும்மா. தாலாட்டு வேலை செய்யல, இன்னொண்ணு அனுப்பு" என்றாளாம்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் ஒயரை வேறு எங்கும் பார்க்க முடியாது. சில வாரம் பாட்டு பதிவாகும். சில வாரம் மைக்கைப் போடாமலே பேச்சிலேயே பொழுது போய்விடும். சாயங்காலம் ஒயரின் கணவர் வாசலில் வந்து ஹாரன் அடிப்பார். "இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, இன்னும் அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் ஒயர் செருப்பை மாட்டுவாள்.