ஆபரேஷன் தியேட்டர் புகை

அப்போது புனேயில் ஒரு நர்சிங் ஹோமில் நான் தியேட்டர் டெக்னீஷியன். ஒரு நாள், ஒரு பெண்ணுக்குப் பிறப்புறுப்பில் வந்திருந்த மருக்களை டாக்டரம்மா மின்சூடு வைத்துச் சுட்டெடுத்தார். கிளம்பும் புகையை உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். பாதிப் புகையைக் குழாய் இழுத்தது. மீதியை நான் இழுத்தேன்.

பிறகு சாய் குடிக்கும்போது டாக்டரம்மா ஹிந்தியில் சாவகாசமாகச் சொன்னார்: அந்த மரு வைரஸால் வருவது, புகையிலும் அது இருக்கலாம், நம்முடைய மாஸ்க் அதைத் தடுக்காது, தொண்டையில் மரு முளைத்தாலும் முளைக்கும்.

“முளைச்சா நீங்களே சுட்டுடுங்க மேடம். ஸ்டாஃபுக்கு டிஸ்கவுண்ட் உண்டுதானே?” என்று நானும் ஹிந்தியிலேயே கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சாயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

வானவடிப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் டார்ச்சோடு வாயைப் பிளந்தேன். இத்தனை வருஷமாகக் கூடவே இருக்கும் உள்நாக்கே ஒரு பெரிய மருவாகத் தெரிந்தது. கொப்பளிக்கும் மருந்தைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றிக்கொண்டேன். போதாதென்று கொதிக்கக் கொதிக்க உப்புத் தண்ணீர்.

காலையில் குரல் இல்லை. முளைத்தேவிட்டது என்று முடிவு கட்டினேன்.

என் டம்ளரில் கடைசி வாய்க் காப்பி எப்போதும் மகளுடையது. அன்று அவள் வாயருகே கொண்டுபோனதைப் பிடுங்கி சிங்க்கில் கொட்டினேன்.

“க்யா ஹுவா அப்பா? நான் என்ன பண்ணேன்?” என்று அழுதாள்.

நான் டம்ளரைச் சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்.

“ஏங்க, விளையாடறீங்களா, நெஜமாவே பயமா?” என்றாள் மனைவி. நடந்ததையெல்லாம் வெறும் காற்றாகவே சொல்லி முடித்தேன். அவள் சிரிக்கவில்லை. “கெளம்புங்க” என்றாள்.

ஊரின் இன்னொரு பக்கம், ஔந்தில், தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் கேமராக் குழாயை இறக்கிப் பார்த்தார். எதை ஊற்றினாய், வெந்து கிடக்கிறதே என்று திட்டினார். மரு இல்லை என்றார். நான் கும்பிடக் கையைத் தூக்கினேன். அவர் முடிக்கவில்லை. அப்படி ஏதாவது வந்தால் ஒரே நாளில் வராது. சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். இப்போதைக்கு ஒரு வாரம் வாயைத் திறக்காதே.

“அந்தக் கடைசி வரியைச் சீட்டுல எழுதிக் குடுங்க டாக்டர், இல்லாட்டி இவர் கேக்க மாட்டார்” என்று அவரிடம் ஹிந்தியில் சொன்னாள் மனைவி.

ஸ்கூட்டரில் திரும்பினோம். சிக்னல் வந்தால் என் தோளிலிருந்து கையை எடுத்துப் புடவையைச் சரிசெய்துகொள்வது அவள் வழக்கம். அன்று ஒவ்வொரு சிக்னலிலும் அவள் பிடி இன்னும் இறுகியது.