பிரேக் எண்ணெய் மூடியில் கட்டிய கம்பி

நேற்று திருச்செங்கோடு மலையடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து ஒரு வேன் இறங்கி வந்து பக்கத்தில் நின்றது. பிரேக் காய்ந்த வாசம். முடி கருகினாற்போல, ரப்பரும் கொஞ்சம் கலந்தாற்போல இருக்கும். டிரைவர் ஒன்றும் நடக்காதவர் மாதிரி வடை கேட்டார். எனக்கு டீ இறங்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். என்ன வேன், யார் வண்டி, எனக்கென்ன.

அந்த வாசம் வந்தால் எனக்கு ஒரு காரும் வந்துவிடும். என் மச்சானுடைய கார். வீட்டுக்காரிக்கு அண்ணன்கள் இரண்டு பேர். இது சின்னவருடையது. அவருக்கு லேத் பட்டறை. நான் போர்வெல் போடுகிற ரிக் லாரி டிரைவர். ஊரில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை எல்லாம் இரண்டு பேரும் அந்தக் காருக்கு அடியில் கிடப்போம்.

கறுப்பு வண்டி. உருண்டை மூக்கு. எங்கள் இரண்டு பேரையும்விட வயதில் மூத்தது. ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் கோழி அடை வைக்கிற இடமாகக் கிடந்ததை மச்சான் கயிறு கட்டி இழுத்து வந்தார். வண்டி ஓட ஆரம்பித்த பிறகும் சீட்டுக்குள்ளிருந்து இறகு வரும். வேகமாகப் போனால் உள்ளே பறக்கும். சாமான் எங்கேயும் கிடைக்காது. மச்சான் லேத்தில் கடைந்து போடுவார். பொருந்தாது. மறுபடி கடைவார். ஊரெல்லாம் கறிக்குழம்பு மணக்கிற நேரத்தில் நாங்கள் பெட்ரோல் மணப்போம்.

"ரெண்டு பேரும் அந்த வண்டியவே கட்டியிருக்கலாமுங்க" என்பாள் வீட்டுக்காரி. பதில் சொன்னால் சோறு தாமதமாகும். சொல்லமாட்டோம்.

பெரிய மச்சான் ரிக் முதலாளி. அவருக்கும் அந்த வண்டிமேல் பிரியம்தான். ஆனால் ஸ்பானர் பிடிக்க வராது. வந்தால் சும்மாவும் இருக்கமாட்டார். கையில் ஒரு எண்ணெய் கேன் இருக்கும்.

"ஏந்தம்பி, ஊத்தட்டுமா?"

கதவுக் கீலுக்கு ஊற்றுவார். சீட்டு தண்டவாளத்துக்கு ஊற்றுவார். எங்கள் பக்கம் ரிக்குக்கு ஊற்றுகிற ஹைட்ராலிக் ஆயில் இல்லாத வீடு குறைவு. தையல் மெஷினுக்கும் அதுதான், கிணற்று உருளைக்கும் அதுதான். எண்ணெய் என்றாலே எங்களுக்கு அதுதான் ஞாபகம் வரும்.

சின்ன மச்சானுக்கு ஒரே மகள், வித்யா. அவள் கல்யாணத்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் இந்த வண்டியில்தான் மலைக்கோயிலுக்குப் போகவேண்டும் என்று மச்சான் பிடிவாதமாக இருந்தார். நான்தான் ஓட்டவேண்டும் என்றார். அதற்காகவே பிரேக்குக்கு எல்லா ரப்பரும் புதிதாகப் போட்டோம். ஓட்டிப் பார்த்தோம். நன்றாகப் பிடித்தது. மூடி வைத்துவிட்டுக் கல்யாண வேலைக்குப் போய்விட்டோம்.

தாலி கட்டி முடிந்து மலை ஏறினோம். முன்னால் என் பக்கத்தில் மச்சான். பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும். சொந்தக்காரர்கள் நாலைந்து வண்டியில் பின்னால் வந்தார்கள். ஏறும்போதே வண்டி முக்கியது. யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி. சூடு முள் மேலே போனது. மூக்கில் கட்டிய செண்டுமல்லி மாலை காற்றை மறைக்கிறது என்று மச்சான் அதைக் கழற்றி எறிந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சாமி கும்பிட்டுவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்தோம். சரிவில் நிற்கிற வண்டி. ஹேண்ட் பிரேக்கை எடுத்தேன். உருள வேண்டும். உருளவில்லை.

"மச்சா, வண்டி நிக்குதுங்க" என்றேன்.

"கெளப்புங்க. ராகு காலத்துக்கு முந்தி ஊட்டுக்குள்ள போவோணும்" என்றார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். கிளப்பினேன்.

முதல் வளைவில் பெடல் கல் மாதிரி இருந்தது. அடுத்த வளைவுக்குள் வாசம் வந்துவிட்டது. புது மாப்பிள்ளை சென்னையில் வேலை செய்கிற பையன். "ஏனுங்க, பழைய வண்டின்னா இப்படித்தான் மணக்குமுங்களா?" என்று கேட்டார். மச்சான் சிரித்த மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

வித்யா அந்தப் பட்டறையில் வளர்ந்தவள். "அப்பா, பிரேக் காயுதுங்களா?" என்றாள், மெதுவாக.

"இல்ல சாமி. மால வாசம்."

மாலையைத்தான் அவரே எறிந்திருந்தாரே.

பெடலை அழுத்தினேன். கல் போலிருந்தது திடீரென்று பஞ்சாகிவிட்டது. தரைவரைக்கும் போனது. மறுபடி அழுத்தினேன். ஒன்றும் இல்லை. உள்ளே எண்ணெய் கொதித்துவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பின்சக்கரமும் காய்ந்திருந்தது, பிடிக்கவில்லை. மச்சான் என் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் முன்னால் இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் பின்னால் திரும்பவில்லை.

வண்டி இரண்டாவது கியரில் இருந்தது. முதல் கியருக்கு வந்தால் என்ஜின் பிடித்து நிறுத்தும். ஆனால் அந்த வண்டியில் ஓடும்போது முதல் கியர் லேசில் விழாது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, ஆக்சிலேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துப் போடவேண்டும். தவறினால் கியர் நடுவில் நின்றுகொள்ளும். அப்புறம் பிடிக்க ஒன்றுமே இல்லை. கீழே வளைவு. அதில் கைக்குழந்தையோடு ஒரு கூட்டம் நடந்து ஏறி வந்துகொண்டிருந்தது. நம் ஹாரன் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி. மச்சான் வெளியே தலையை நீட்டிக் கதவை அடித்தார்.

"ஒதுங்குங்க. ஒதுங்குங்க சாமி."

அவர்கள் கல்யாண வண்டி என்று கை காட்டிச் சிரித்தார்கள்.

கியர் போட்டேன். பல் கடித்தது. விழவில்லை. வண்டி வேகம் எடுத்தது. மறுபடி ஆக்சிலேட்டர் கொடுத்துத் தள்ளினேன். விழுந்தது. என்ஜின் அலறியது. உள்ளே இறகு பறந்தது. கூட்டம் அப்போதுதான் ஒதுங்கியது. ஒரு அம்மாவின் சேலை கதவில் உரசியது. வளைவு தாண்டி ரோட்டு வேலைக்கு மணல் கொட்டியிருந்தார்கள். மூக்கை அதில் கொடுத்தேன். நின்றது.

"எறங்கலாமுங்களா மாமா?" என்றாள் வித்யா. "எறங்கு சாமி" என்றேன்.

பானெட்டைத் தூக்கிப் பிரேக் எண்ணெய் டப்பியைத் திறந்தோம். மூடிக்குள் இருந்த வாஷர் ஊறின கொண்டைக்கடலை மாதிரி வீங்கியிருந்தது. மேலாக ஒரு எண்ணெய் தனியாக மிதந்தது. மோந்து பார்க்கவே வேண்டாம். எங்கள் ஊர் எண்ணெய். ரிக் எண்ணெய். அது பட்டால் பிரேக் ரப்பர் ஊதிக்கொள்ளும். அழுத்தினால் பிடிக்கும், விட்டால் விடாது.

மச்சானும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதற்குள் பின்னால் வந்த வண்டியிலிருந்து பெரிய மச்சான் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"கொழந்தைக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று வித்யா தலையைத் தடவினார். கண் கலங்கியிருந்தது. அப்புறம் டப்பியைப் பார்த்தார். "நல்லவேளை. போன வாரம் கொறஞ்சிருக்குதுன்னு நாந்தான் தம்பி ஊத்தியுட்டேன். இல்லீன்னா இன்னிக்கு என்ன ஆயிருக்கும்?"

சின்ன மச்சான் பேச வாயைத் திறந்தார். நான் டப்பியை மூடினேன்.

"ஆமாங்கண்ணா" என்றார் அவர். "ரப்பர் பழசுங்கண்ணா."

அன்றைக்குப் பந்தியில் எல்லாருக்கும் பெரிய மச்சான்தான் கதை சொன்னார். அவர் ஊற்றின எண்ணெயால் பிழைத்தோம் என்று. நாங்கள் பாயசம் குடித்தோம்.

வண்டியை மறுபடி கழற்றி எல்லா ரப்பரும் மாற்றினோம். அந்த மூடியில் மச்சான் ஒரு கம்பி போட்டு முறுக்கிக் கட்டினார். பெரியவர் ஞாயிற்றுக்கிழமை கேனோடு வருவார்.

"ஊத்தட்டுமா?"

"நெறஞ்சிருக்குதுங்கண்ணா."

"இதென்ன கம்பி?"

"மூடி லூசுங்கண்ணா."

"இது துரு ஏறும் தம்பி" என்று அடுத்த வாரம் அவரே நல்ல செம்புக் கம்பி கொண்டுவந்து கொடுத்தார். அதைத்தான் அப்புறம் கட்டினோம்.

போன வருடம் பெரியவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். கார் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் இன்னும் அதற்கு அடியில்தான் கிடக்கிறோம். பானெட்டைத் திறந்து வைத்திருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மச்சானுக்குக் கை முன்னே போகும், அந்த மூடிக்கு. அப்புறம் எடுத்துக்கொள்வார்.

இப்போது கம்பி கட்டுவதில்லை. பட்டறையில் ஆணியில் தொங்குகிறது.