செத்தவன் பேசக்கூடாது

பட்டம் பெற்று வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், புதுக்கடை நெட் சென்டரில் நாங்கள் ஐவர் ஓர் அணியாகத் துப்பாக்கி விளையாட்டு ஆடுவோம். அதன் வரைபடம் மனதில் பதிய, ஒவ்வோர் இடத்திற்கும் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சூட்டியிருந்தோம். இரு சுவர்களுக்கு நடுவே இருந்த குறுகிய வழிக்கு ஆரல்வாய்மொழி என்று பெயர். எதிரணிகளுக்கு அது தெரியாது.

ஆட்டத்தில் இறந்தவனின் திரையில் எதிரிகளின் நடமாட்டமும் தெரியும் என்பதால், செத்தவன் பேசக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி.

அங்கே நடந்த ஒரு போட்டியில், அரையிறுதியின் கடைசிச் சுற்றில் இரு அணியிலும் ஒவ்வொருவரே மிஞ்சினோம். பெட்டிகள் குவிந்த முற்றத்தில் எதிரி வருவான் என்று குறிவைத்துக் காத்திருந்தேன்.

“ஆரல்வாய்மொழி!” என்றான், ஏற்கெனவே செத்து என் அருகில் அமர்ந்திருந்த நண்பன்.

திரும்பிச் சுட்டேன். எதிரி விழுந்தான்.

“செத்தவன் என்னமோ சொன்னானே?” என்றான் எதிரணித் தலைவன்.

“எங்க மாமன் ஊருல்லா மக்கா, திடீர்னு நெனப்பு வந்துட்டு,” என்று நண்பன் சிரித்தான். அவர்களும் சிரித்துவிட்டார்கள்.

நான் பேசாமலிருந்தால் இறுதிப் போட்டி எங்களுக்கு. ஆனால் அதன்பின் எந்த அணியின் மௌனத்தை நாங்கள் நம்ப முடியும்?

“அது அந்தக் குறுகின வழிக்கு நாங்க வச்ச பேரு. சுற்று உங்களுக்குத்தான்,” என்றேன்.

“ஏலே, நீ யாரு பக்கம்லே?” என்று கத்திய நண்பன், என்னை ஏற்றாமலே பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான். அன்று நான் நடந்தே வீடு சேர்ந்தேன்.